பேச்சாளர் கையொப்பம்

நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலோடும் ஓர் ஒப்படைப்புச் சீட்டு வரும். எடுத்தவர் யார், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எத்தனை மணிக்கு. மூன்று கையொப்பம் இல்லாமல் அரை லிட்டர் சாக்கடைத் தண்ணீர்கூடக் கைமாறாது.

அக்கா தன் மகளைப் பேருந்து நிலையத்தில் என்னிடம் விட்டுப் போனபோது சீட்டு எதுவும் தரவில்லை. "ரெண்டே வாரம். பாத்துக்கோ, வந்துடறேன்" என்றாள். ஒரு துணிப்பை கொடுத்தாள். அதற்குள் இரண்டு செருப்புகள் இருந்தன, இரண்டும் இடது காலுக்கு. அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய கைபேசி எண் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. நல்ல மனிதர். நான் அழைத்தால் "இன்னும் வரலையாம்மா?" என்று அவரே விசாரிப்பார். குழந்தையின் அப்பா அதற்கு ஒரு வருடம் முன்பே எங்கள் எல்லோரையும் தலைமுழுகிவிட்டார்.

குழந்தையைப் பொத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். வந்த புதிதில் என் சட்டைகளில் இருந்த பொத்தான்களையெல்லாம் கடித்தே பிய்த்துவிட்டாள். இப்போது ஏழு வயது. பொத்தான்களை விட்டுவிட்டாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் தெருவின் அந்தப் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோலக் கத்தித்தான் பேசுவாள். பள்ளிக்கூட டைரியில் 'கவனம் இல்லை' என்று வாரம் ஒருமுறை எழுதி வரும். ஒருமுறை 'திமிர்' என்றும் வந்தது. எழுதிய ஆசிரியைக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிருக்க வேண்டும், அடியில் கோடு போட்டிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. முகம் பார்த்துப் பேசினால் பதில் சொல்கிறாள், முதுகுக்குப் பின்னால் பேசினால் இல்லை. மூன்று நாள் சோதித்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது பின்னால் நின்று கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். ஒரு மீட்டரில், இரண்டு மீட்டரில், மூன்று மீட்டரில். முப்பது முறைக்கு நான்கு முறைதான் திரும்பினாள். அதில் ஒருமுறை டம்ளர் உடைந்திருந்தது.

காது மருத்துவர் என் அட்டவணையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

"செவிப்பறைக்குப் பின்னாடி பசை மாதிரி நீர் கட்டியிருக்கு. ரெண்டு காதுலயும். சின்னக் குழாய் வெச்சா வடிஞ்சிடும். அரை மணி நேர வேலை. ஆனா இப்படியே விட்டா பேச்சு, படிப்பு ரெண்டும் பின்தங்கிப் போயிடும். வர்ற இருபத்தெட்டாம் தேதி ஒரு இடம் காலியா இருக்கு. அதை விட்டா எட்டு மாசம் கழிச்சுத்தான்."

"சரி டாக்டர்."

"நீங்க அம்மாவா?"

"சித்தி."

அவர் பேனாவை மூடிவிட்டார். "அப்போ பாதுகாவலர்னு ஒரு கடிதம் வேணும். உறவினர் பராமரிப்பு உதவி மையத்துல தருவாங்க. அதுக்குத்தானே அவங்க இருக்காங்க."

அவங்க இருந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. இரண்டாம் மாடியில் ஒரு கூடம், ஓர் அலுவலறை. சுவரில் ஒரு பெரிய படம். அதில் சிரிக்கும் ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பல். அலமாரியில் ஏழு நிறத்தில் ஏழு கையேடுகள். 'நீங்கள் தனியாக இல்லை' என்று ஒன்று. 'நாங்கள் உங்களோடு' என்று இன்னொன்று. ஏழையும் படித்துப் பார்த்தேன். உள்ளே ஒரே விஷயம்தான், அட்டைகள் மட்டும் வேறு. கடைசிப் பக்கத்தில் 'மேலும் விவரங்களுக்கு' என்று போட்டு இந்த அலுவலகத்தின் முகவரியே இருந்தது.

முதலில் ஓர் உதவிக் கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும், அதன் பிறகுதான் கோப்பு திறப்பார்களாம். கூட்டம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. வாசலில் ஓர் அறிவிப்பு: 'குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்.' குழந்தையை விட்டு வர வீட்டில் ஆள் இருந்தால் இந்தக் கூட்டத்துக்கு எவர் வரப்போகிறார்? நானும் அழைத்துத்தான் போயிருந்தேன். இன்னும் ஐந்து பேரும் அப்படியே. குழந்தைகள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கையேடுகள் கொடுக்கப்பட்டன.

ஆலோசகர் அம்மா கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் புன்னகையும் மாட்டியிருந்தார். இரண்டையும் அலுவலகத்தில்தான் கொடுத்திருப்பார்கள் என்று பட்டது. அன்றைய தலைப்பு 'மனச்சோர்வைக் குறைக்க ஐந்து வழிகள்'. முதல் வழி, வாரத்தில் ஒருநாளை உங்களுக்காக மட்டும் ஒதுக்குங்கள். தம்பியின் மூன்று குழந்தைகளை வளர்க்கும் தையல்காரர் ஒருவர் இரண்டாம் வழிக்குள் தூங்கிவிட்டார். எனக்குத் தெரிந்து ஐந்து வழிகளில் உருப்படியானதைக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

செத்துப்போன தங்கையின் மகனை வளர்க்கும் பஸ் கண்டக்டர் எழுந்தார்.

"மேடம், பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டத்துக்கு என்னை உள்ள விட மாட்டேங்கறாங்க. மாமான்னா வெளிய நில்லுங்கறாங்க. அதுக்கு என்ன பண்றது?"

"உங்க உணர்வு எனக்குப் புரியுது" என்றார் ஆலோசகர்.

"உணர்வெல்லாம் இருக்கட்டும் மேடம். ஒரு கடுதாசி குடுத்தீங்கன்னா போதும்."

"கோபம் இயற்கையானது. நாலாவது வழியே அதைப் பத்தித்தான்."

கண்டக்டர் உட்கார்ந்தார். "டீயும் ஆறிப்போச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

மூலையில் ஒரு தட்டச்சுக்கார அக்கா இதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் கண்டக்டரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். படிவங்களைப் படிப்பது என் தொழில், கண் தானாகப் போய்விடும். 'கருத்துப் பதிவு' என்று தலைப்பு. கண்டக்டர் கேட்ட கேள்வி அதில் இருந்தது. டீ ஆறியதும் இருந்தது. அடியில், 'மேற்கூறியவை நான் அறிந்தவரை உண்மை. பேச்சாளர் கையொப்பம்.'

"வாயைத் திறந்தாக் கையெழுத்தா?" என்றார் கண்டக்டர்.

"யார் என்ன பேசினாலும் மேலிடத்துக்கு அனுப்பணும். இல்லைன்னா கூட்டம் நடந்ததுக்கு என்ன சாட்சி?" என்றார் அக்கா.

அதன் பிறகு என் கோப்பு திறக்கப்பட்டது. திறந்த வேகத்தில் மூடவும் பட்டது.

"இது பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தோட நகல்தானே?" என்றார் ஆலோசகர். "அம்மா பேர் இருக்கிற இடத்துல உங்க பேர் இருக்கே."

பார்த்தேன். என் பெயர்தான். எழுத்து மாமாவுடையது. ஒவ்வோர் எழுத்தும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். எனக்கு அன்று விடுப்பு கிடைக்காததால் அவர்தான் சேர்த்துவிட்டார். நகலை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. முன்பின் தெரியாதவன் கொண்டுவரும் பாட்டிலில் மூடியைக்கூடத் திருப்பிப் பார்க்கிறவள், இதைப் பார்க்கவில்லை.

"நான் அம்மா இல்ல மேடம். சித்தி. இதை எழுதினது எங்க மாமா."

"இந்த மையம் உறவினர்களுக்கு. பேப்பர்ல நீங்க அம்மா. அம்மாக்களுக்கு நாங்க எதுவும் தர முடியாது."

"அப்படின்னா ஆஸ்பத்திரியில அம்மான்னு கையெழுத்து போட்டுடலாமா?"

"அய்யோ, அது தப்பு. நீங்க அம்மா இல்லையே."

கண்டக்டரைப்போல நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வராது. ஆலோசகரின் புன்னகை நகரவில்லை. "உங்க உணர்வு எனக்குப் புரியுது. படிவம் எழுதிய குடும்பப் பெரியவர் ஒரு வாக்குமூலம் கொடுக்கட்டும். குழந்தையோட அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க, குழந்தை சித்திகிட்ட இருக்குன்னு எழுதிக் கையெழுத்து போட்டாப் போதும். ஒரு வாரத்துல கடிதம். பள்ளிக்கூடத்துக்கும் நாங்களே எழுதிடுவோம்."

மாமா அம்மாவின் அண்ணன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு குடும்பத் தலைவர் பதவிக்குத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மேலாள ஆள் இல்லாததால் எங்களை மேலாள்கிறார். குடும்பத்துக்கென்று கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார். தினமும் காலையில் அதில் பூப்படம் போடுவார். பொத்தானுக்குக் காய்ச்சல் என்று நான் போட்டால் கைகூப்பும் படம் போடுவார். இரண்டு வருடத்தில் அவர் என் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முறை. அதுவும் ஏணி இரவல் வாங்க.

நான் சொன்னதைக் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் மாமா அம்மா பேர் இருக்கிற இடத்துல என் பேரைப் போட்டீங்க?"

"வாரா வாரம் டைரியில கையெழுத்து போட ஆள் வேணுமா இல்லையா? வெளிநாட்டுல இருக்கிறவ வந்து போடுவாளா? கொஞ்சம் மூளையைப் போட்டு எழுதினேன்."

"அக்கா வெளிநாட்டுல இல்ல மாமா."

"நமக்குத் தெரியும். ஊருக்கு?"

ஊருக்கு அக்கா ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தாள். முதலில் உதவியாளர், பிறகு கண்காணிப்பாளர், போன மாதத்திலிருந்து கிளைத் தலைவர். காணாமல் போனவளுக்கு மாமா இத்தனை பதவி உயர்வு கொடுத்திருந்தார். பத்து வருடமாக ஒரே மேசையில் இருக்கிற எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

"ஒரு தாள்ல எழுதிக் குடுங்க மாமா. குழந்தையோட காது."

"எழுதறதா? நான் பொய் எழுதினேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் என்கூட தினமும் நடக்கிறவர். நாளைக்கு அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அத்தை உள்ளிருந்து குரல் கொடுத்தார். "சின்னப் புள்ளைக்குச் சளி பிடிச்சாக் காது அடைக்கத்தான் செய்யும். இவரும் நான் கூப்பிட்டாத் திரும்ப மாட்டார். இவருக்கு என்ன ஆபரேஷனா பண்ணினோம்?"

"உனக்கு எது வேணும்னாலும் கேளு" என்றார் மாமா வாசல் வரை வந்து. "மாமா இருக்கேன்ல." கையில் ஒரு பழத்தைக் கொடுத்தார். எழுத்தில் மட்டும் எதுவும் கொடுக்க மாட்டார்.

மறுநாள் வேலையில் ஒரு மாதிரியைத் திருப்பி அனுப்பினேன். கொடுத்தவர் கையொப்பம் இல்லை. கொண்டுவந்தவன் "நான்தானே கொண்டாந்தேன், கண்ணால பாக்கறீங்கல்ல?" என்று சண்டைக்கு வந்தான். பார்த்தது போதாது, தாளில் வேண்டும் என்றேன். சொல்லும்போதே 'கருத்துப் பதிவு' நினைவுக்கு வந்தது. மாமா எழுத மாட்டார். ஆனால் பேசுவார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியவர். தொட்டியே வற்றிவிட்டது என்பார்கள்.

மதிய இடைவேளையில் மையத்துக்குப் போனேன். தட்டச்சுக்கார அக்காவின் முன்னால் நின்றேன். வாய் வரவில்லை. 'நாங்கள் உங்களோடு' கையேட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: 'கருத்துப் பதிவும் வாக்குமூலமாகுமா?' அந்தக் கையேடு ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான் முதல்முறையாக இருக்கும்.

அக்கா படித்தார். அலுவலறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டுக்கும் ஒரே முத்திரைதான். உண்மைன்னு கையெழுத்து இருக்கணும், அவ்வளவுதான். ஆனா அவரைப் பேச வெச்சிடுவீங்களா?"

"மைக் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ பேசிடுவார்."

மாமா பேசுவார் என்றதும் ஆலோசகருக்கு ஏக மகிழ்ச்சி. ஆண்டறிக்கைக்கு ஒரு வெற்றிக் கதை தேவைப்பட்டதாம். ஆறு மாதமாகத் தேடியும் கிடைக்கவில்லையாம். "குழந்தையையும் கூட்டிட்டு வாங்க. குழந்தை இல்லாம படம் நல்லா இருக்காது" என்றார். வாசலில் இருந்த அறிவிப்பு எங்களுக்கு மட்டும் தளர்த்தப்பட்டது.

மாமாவிடம் சொன்னேன். சிக்கலான நேரத்தில் ஒரு குடும்பம் எப்படித் தாங்கி நிற்க வேண்டும் என்று பேச அனுபவம் உள்ள பெரியவர் ஒருவர் வேண்டுமாம்.

"யாரெல்லாம் வருவாங்க?"

"நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல மாமா."

"எவ்வளவு நேரம் பேசணும்?"

"உங்க இஷ்டம்."

"அந்தச் சாம்பல் கலர் சட்டையை இஸ்திரி போடு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை. மாமா மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், பிறகு அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பொத்தான் படத்துக்காக முதல் வரிசையில்.

"என் தங்கச்சிக்கு ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ, சொல்லவே நாக்கு கூசுது, பெத்த புள்ளைய விட்டுட்டுப் போயிட்டா. இன்னை வரைக்கும் எங்க இருக்கான்னு தெரியாது."

கிளைத் தலைவர் பதவி அந்த ஒரு வரியில் போனது.

"நான் ஓடிப் போனேன். குழந்தையைத் தூக்கினேன். சின்னவ கையில குடுத்தேன். 'சித்திகிட்ட இருக்கட்டும், நீ வளர்த்துக்கோ, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்'னேன். அன்னையிலிருந்து இன்னை வரைக்கும் ஒரு நாள் தவறாம அவங்க வீட்டுக்குப் போய்..."

"சித்தி!" பொத்தான் திரும்பி, கூடம் முழுவதும் கேட்கக் கத்தினாள். "தாத்தா எதுக்குப் பேசறாரு? ஏணியத் திருப்பிக் குடுக்க வந்தாரா?"

கூடம் சிரித்தது. தையல்காரர்கூட விழித்துக்கொண்டார். மாமாவின் கை இறங்கியது. மைக்கைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். காலை ஒன்பதரை மணிக்குப் பூப்படம் போடுகிற முகம் அப்படியே காலியாகிவிட்டது. இப்போது போய்விடுவார். கையொப்பம் போய்விடும். இருபத்தெட்டும் போய்விடும். நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

கண்டக்டர்தான் எழுந்தார். "அய்யா, புள்ளைங்கன்னா அப்படித்தான். எங்க வீட்டு வாண்டு போன வாரம் என்னை டிக்கெட் எடுக்கச் சொல்லிச்சு. நீங்க விடாதீங்க. ரொம்ப நல்லாப் பேசறீங்க" என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கைதட்டல் மாமாவின் தோள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தியதைப் பார்த்தேன். மேலும் நாற்பது நிமிடம் பேசினார். நான் ஒருமுறைகூட அதில் வரவில்லை. வாங்கிக்கொண்ட கையாக மட்டும் வந்தேன், அது போதும்.

முடிந்ததும் தட்டச்சுக்கார அக்கா தாளை வைத்தார். மாமா பேனாவைத் திறந்து வரிவரியாகப் படித்தார். "'பாத்துக்கறேன்' வேண்டாம், 'பேணுவேன்'னு மாத்துங்க" என்றார். மாற்றினார்கள். பிறகு ஒரு வரியில் பேனா நின்றது.

"இது எங்க போகும்?"

"மேலிடத்துக்கு சார். ஆண்டறிக்கைக்கு."

"இங்க உள்ளவங்க யாரும் பாக்க மாட்டாங்கல்ல?"

"ஆண்டறிக்கையை யாரும் பாக்க மாட்டாங்க சார்" என்றார் அக்கா. அந்த அலுவலகத்தில் நான் கேட்ட முதல் நேர்மையான வாக்கியம்.

"போட்டோ போடுவீங்களா?"

"முழுப் பக்கம்."

கையொப்பம் போட்டார். அடியில் ஒரு கோடு, கோட்டின் மேல் இரண்டு புள்ளி. அக்கா மை காய்வதற்குள் முத்திரை குத்தினார்.

கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. கண்டக்டருடைய கடிதத்தையும் அக்கா அதோடு சேர்த்து ஆலோசகரின் மேசையில் வைத்து ஒப்பம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். மருத்துவமனையில் சேர்க்கும்போது கடிதத்தோடு இணைத்திருந்த மாமாவின் கருத்துப் பதிவைப் படித்தேன். கொடுத்தவர், மாமா. வாங்கியவர், சித்தி. பேருந்து நிலையம் இல்லை, துணிப்பை இல்லை, இரண்டு இடது செருப்புகளும் இல்லை. பாட்டிலாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். கையொப்பம் போட்டு நீட்டினேன்.

அரை மணி நேரம் என்றார்கள், முப்பத்தைந்து நிமிடம் ஆனது. சாயங்காலம் பொத்தான் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம், இரண்டு மீட்டர் தள்ளி. கைபேசி அடித்தது. மாமா.

"என்னம்மா, அந்த ஆண்டறிக்கை வந்துச்சா? என் போட்டோவைக் கலர்ல போடுவாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"பொத்தானுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது மாமா."

"ஆங், ஆங், சந்தோஷம். கலர்லதான் போடணும்னு சொல்லு. சாம்பல் கலர் சட்டை கறுப்பு வெள்ளையில எடுபடாது."

கைபேசி காதோடுதான் இருந்தது. ஒலிபெருக்கியில் போடவில்லை.

"சித்தி" என்றாள் பொத்தான், சுவரைப் பார்த்தபடியே. "தாத்தா ஏன் இப்படிக் கத்தறாரு?"